எஃபெட்ரின் இழந்த இடம்

எஃபெட்ரின், அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் தாழ்ந்தால் அதை உயர்த்தச் சிரை வழியே செலுத்தப்படும் மருந்து. 5 முதல் 10 மில்லிகிராம் வரை செலுத்தியதும் ஓரிரு நிமிடங்களில் அழுத்தம் ஏறத் தொடங்கும். இதயத் துடிப்பும் கூடவே வேகமெடுக்கும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் ‘ஸ்பைனல்’ மயக்கத்தோடு இந்த மருந்துக்கு 1927 முதலே தொடர்பு உண்டு. சிசேரியன் அறுவையில் அது கால் நூற்றாண்டுக்கும் மேல் உலகின் பெரும்பாலான மருத்துவமனைகளில் முதல் தேர்வாக இருந்தது. இன்று அந்த இடம் அதனிடம் இல்லை. மருந்தில் புதிதாக எந்தக் கோளாறும் முளைக்கவில்லை. தாயின் அழுத்தத்தை அது முன்புபோலவே உயர்த்துகிறது. தாயின் கையில் கட்டிய பட்டை காட்டும் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் அளக்கத் தொடங்கியபோதுதான் கணக்கு மாறியது.

ஸ்பைனல் மயக்கத்தில் அழுத்தம் ஏன் விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கீழ்முதுகில், பெரும்பாலும் மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே, மெல்லிய ஊசியைச் செருகித் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தில் சுமார் 2 மில்லிலிட்டர் பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்துவார்கள். அந்தத் திரவத்தைவிடக் கனமாக இருக்கும்படி மருந்தில் குளுக்கோஸ் சேர்க்கப்பட்டிருக்கும். வலியைக் கடத்தும் நரம்பு, காலை அசைக்கும் நரம்பு என்று பிரித்துப் பார்க்காமல் அங்குள்ள எல்லா நரம்பு வேர்களையும் அது கட்டிப்போடும். அவற்றுள் பரிவு நரம்புகளும் அடக்கம். ரத்தக்குழாய்களின் சுவர் தளராமல் இறுக்கமாக இருப்பது இந்த நரம்புகளின் இடைவிடாத கட்டளையால்தான். தண்டுவடத்தில் இவை மார்புப் பகுதியின் தொடக்கத்திலிருந்து இடுப்புப் பகுதியின் மேல்பாகம் வரை புறப்படுகின்றன. சிசேரியனில் வயிற்றறையின் உள்சவ்வைத் தொட்டு இழுக்க வேண்டியிருப்பதால் மரப்பு ஏறத்தாழ முலைக்காம்பு மட்டம் வரை ஏற வேண்டும். அப்படி ஏறும்போது பரிவு நரம்புகளில் பெரும்பகுதி ஒரே நேரத்தில் செயலிழக்கும். தமனிகள் தளர்கின்றன. கால்களிலும் அடிவயிற்றிலும் உள்ள சிரைகளில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறைகிறது. இதயத்தை வேகமாகத் துடிக்கச் சொல்லும் நரம்புகள் மார்புத் தண்டுவடத்தின் முதல் நான்கு பகுதிகளிலிருந்து வருகின்றன. மரப்பு அதுவரை எட்டினால், விழுந்த அழுத்தத்தைத் துடிப்பைக் கூட்டிச் சரிக்கட்டும் வழியும் அடைபடும்.

நிறைமாதத் தாயின் உடல் இதற்கு இன்னும் எளிதில் ஆட்படும். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை அடிவயிற்றின் பெருஞ்சிரையை அழுத்தும். தடுப்பு நடவடிக்கை எதுவும் எடுக்காவிட்டால் ஸ்பைனலில் சிசேரியன் செய்துகொள்ளும் தாய்மார்களில் 10-ல் 7 பேர் அளவுக்கு அழுத்தம் தாழ்வதுண்டு. ஊசி போட்டு மூன்று, நான்கு நிமிடங்களுக்குள் தாய்க்குக் கொட்டாவி வரும். வாயில் நீர் ஊறும். ‘குமட்டுது’, ‘கண்ணைக் கட்டுது’ என்பார். கையில் கட்டிய பட்டை நிமிடத்துக்கொரு முறை ஊதி அளந்துகொண்டிருந்தாலும், அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவர் அடுத்த எண்ணுக்காகக் காத்திருப்பதில்லை. இவற்றில் ஒரு சொல்லைக் கேட்டதுமே சிரிஞ்சைக் கையில் எடுத்துவிடுவார். தாயின் அவதி ஒருபுறம். மறுபுறம், நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை ரத்தம் பாய்கிறது. மூளையும் சிறுநீரகமும் அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் தங்களுக்கு வரும் ரத்தத்தின் அளவைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். கருப்பைக் குழாய்களுக்கு அந்தத் திறன் இல்லை. தாயின் அழுத்தம் எவ்வளவு தாழ்கிறதோ அந்த அளவுக்கு நஞ்சுக்கொடிக்குப் போகும் ரத்தமும் குறையும்.

முழு மயக்கத்திலும் இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. புரோபோஃபால் போன்ற மயக்க மருந்துகள் ரத்தக்குழாய்களைத் தளர்த்துகின்றன. அறுவை தொடங்குமுன், உடலைத் தூண்டும் வலி ஏதும் இல்லாத அந்தச் சில நிமிடங்களில் அழுத்தம் சரியும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் இதயம் சாராத 33,330 அறுவைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வு, சராசரித் தமனி அழுத்தம் 55 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே சில நிமிடங்கள் இருந்தாலே சிறுநீரகப் பாதிப்பும் இதயத்தசைப் பாதிப்பும் கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியது. பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் காரணமும் விளைவும் இதுதான் என்று அறுதியிட முடியாது. ஆனாலும் ‘கொஞ்ச நேரம்தானே, தானாக ஏறிவிடும்’ என்று விட்டுவைக்கும் பழக்கத்துக்கு அது பெரிய தடை போட்டது.

சிசேரியனில் அழுத்தச் சரிவை மருந்தில்லாமல் சமாளிக்கும் வழிகளும் உண்டு. வலது இடுப்புக்கு அடியில் ஒரு திண்டு வைத்துத் தாயை இடப்பக்கம் சாய்ப்பது இன்றும் தொடர்கிறது. ஸ்பைனல் போடுமுன் ஒரு லிட்டர் அளவுக்குச் சலைன் ஏற்றிவிட்டால் அழுத்தம் விழாது என்ற நம்பிக்கை வெகுகாலம் நிலவியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து 1993-ல் வெளியான ஆய்வில் சலைன் ஏற்றாதவர்களில் 71 விழுக்காட்டினருக்கும் ஏற்றியவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் அழுத்தம் தாழ்ந்தது. பயன் இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எப்படியும் மருந்து தேவைப்பட்டது. குழாய் தளர்ந்ததால் வந்த குறையைத் திரவத்தால் மட்டும் நிரப்ப முடியாது என்பதே இதன் பொருள். குழாயை இறுக்கும் மருந்து வேண்டும்.

அந்த மருந்து ஒரு புதரிலிருந்து வந்தது. சீன மருத்துவத்தில் ‘மா ஹுவாங்’ எனப்படும் எபிட்ரா, இலையென்று சொல்ல ஏதுமில்லாத, மெல்லிய பச்சைத் தண்டுகள் மட்டும் நீண்டு நிற்கும் வறண்ட நிலச் செடி. இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் ஆகியவற்றுக்கு அதன் கஷாயம் பல நூற்றாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்தது. பெர்லினில் வேதியியல் பயின்று திரும்பிய ஜப்பானியர் நாகாய் நாகயோஷி 1885-ல் அதிலிருந்து எஃபெட்ரினைப் பிரித்தெடுத்தார். பிரித்தெடுத்த பிறகும் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் அந்தப் பொருளின் மருத்துவ மதிப்பை உலகம் சரியாக அறியவில்லை.

அறியவைத்தவர்கள் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய கே.கே. சென், கார்ல் ஷ்மிட் இருவரும். பழைய சீன மருந்துகளில் எதையாவது நவீன முறையில் ஆராய வேண்டும் என்ற எண்ணத்தில் இருந்த சென், மூலிகை மருத்துவம் அறிந்த உறவினர் ஒருவரின் யோசனைப்படி மா ஹுவாங்கைத் தேர்ந்தெடுத்தார். மயக்கத்தில் கிடத்தப்பட்ட நாயின் சிரையில் அதன் வடிநீரைச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறியது, இறங்க நேரமெடுத்தது. அழுத்தம் ஏற்றும் அட்ரினலினின் விளைவு சில நிமிடங்களில் அடங்கிவிடும், அது வாய்வழி கொடுத்தாலும் வேலை செய்யாது. எபிட்ராவின் சாறு இந்த இரண்டிலும் மாறுபட்டது. செயல்படும் பொருளைப் பிரித்தெடுத்த பிறகுதான் நாகாய் அதை முன்பே கண்டறிந்திருப்பது அவர்களுக்குத் தெரியவந்தது. 1924-ல் அவர்களின் கட்டுரை வெளியானதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எஃபெட்ரினுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. இந்தியாவிலும் அந்த அலை வந்தது. 1920-களின் இறுதியில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆர்.என். சோப்ரா, இமயமலைப் பகுதியில் விளையும் எபிட்ரா இனங்களை ஆராய்ந்தார்.

முதல் விளம்பரம் ஆஸ்துமாவுக்குத்தான். ஆனால் மயக்கவியலுக்கு அப்போது வேறொரு அவசரம் இருந்தது. 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பீர் கோகெய்னைக் கொண்டு முதல் ஸ்பைனல் மயக்கத்தைக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஓஸ்கர் கிரைஸ் அதைப் பிரசவத்துக்குப் பயன்படுத்தினார். வலி போனது, கூடவே அழுத்தமும் போனது. ஸ்பைனலுக்கு இருந்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இந்தச் சரிவால் வந்தது. 1927-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஓக்கர்பிளாடும் டில்லனும் எஃபெட்ரினைக் கொண்டு அந்தச் சரிவைச் சமாளிக்கலாம் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து நெடுங்காலம் எஃபெட்ரினும் ஸ்பைனலும் பிரியாத ஜோடி.

எஃபெட்ரின் பெரும்பாலும் நேரடியாக வேலை செய்வதில்லை. பரிவு நரம்புகளின் முனைகளில் நார்அட்ரினலின் சிறு பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. எஃபெட்ரின் உள்ளே புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. வெளியேறிய நார்அட்ரினலின்தான் குழாயை இறுக்கி, இதயத்தை முடுக்குகிறது. இதோடு, இதயத்தை முடுக்கும் பீட்டா ஏற்பிகளை எஃபெட்ரின் தானும் ஓரளவு தூண்டும். அதனால்தான் அழுத்தத்தோடு துடிப்பும் ஏறுகிறது. இந்த வேலைமுறையின் பலவீனம் அடுத்தடுத்து ஊசி போடும்போது தெரியும். நரம்பு முனைகளின் சேமிப்பு குறையக் குறைய ஒவ்வொரு ஊசிக்கும் கிடைக்கும் பலன் முந்தையதைவிடக் குறைவாகிறது. முதல் 10 மில்லிகிராம் செய்த வேலையை நான்காவது 10 மில்லிகிராம் செய்யாது. மருத்துவரோ அதே பலனை எதிர்பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டே போக நேரும். மனச்சோர்வுக்காக மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்களை உட்கொள்பவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஆபத்து. அவர்களின் நரம்பு முனைகளில் சேமிப்பு மிகுதியாக இருப்பதால் சிறு ஊசிக்கே அழுத்தம் கட்டுமீறி ஏறக்கூடும். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்கக் கொடுக்கும் சில மருந்துகளோடு சேர்ந்தாலும் அழுத்தம் எகிற வாய்ப்பு உண்டு.

சிசேரியனில் எஃபெட்ரின் தனியிடம் பிடித்ததற்கு ஒரு செம்மறியாட்டு ஆய்வு முக்கியக் காரணம். ரால்ஸ்டன், ஷ்னைடர், டிலோரிமியர் மூவரும் 1974-ல் வெளியிட்ட அந்த ஆய்வில், சினை ஆடுகளுக்கு நான்கு மருந்துகளை ஒரே அளவுக்கு அழுத்தம் ஏறும்படி கொடுத்துக் கருப்பைக்குப் பாயும் ரத்தத்தை அளந்தார்கள். எஃபெட்ரின், மெட்டராமினால், மெஃபென்டெர்மின், மெத்தாக்சமின் ஆகியவை அந்த நான்கு. மெத்தாக்சமினும் மெட்டராமினாலும் தாய் ஆட்டின் அழுத்தத்தை உயர்த்தியபோதே கருப்பைக்குப் போகும் குழாய்களையும் இறுக்கி ஓட்டத்தைக் குறைத்தன. எஃபெட்ரின் கொடுத்தபோது ஓட்டம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. முடிவு தெளிவாகத் தோன்றியது: ஆல்ஃபா ஏற்பிகளை மட்டும் தூண்டிக் குழாயை இறுக்கும் மருந்துகள் சிசுவுக்கு ஆகாது, எஃபெட்ரின் ஆகும். மெத்தாக்சமினின் இனத்தைச் சேர்ந்த ஃபினைலெஃப்ரினும் அந்த ஆடுகளில் சோதிக்கப்படாமலேயே தள்ளிவைக்கப்பட்டது. பாடநூல்கள் இதை எழுதின. தேர்வுகளில் இதையே விடையாக எதிர்பார்த்தார்கள். 2001-ல் வெளிவந்த பிரிட்டன் கணக்கெடுப்பு ஒன்றில் மிகப் பெரும்பாலான மகப்பேறு மயக்கவியல் மருத்துவர்கள் எஃபெட்ரினை மட்டுமே பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்.

அந்த ஆய்வில் பிழை இருந்தது என்று சொல்வது நியாயமாகாது. அது எதை அளந்ததோ அதைச் சரியாகவே அளந்தது. ரத்த ஓட்டம் குறையாவிட்டால் சிசு நலமாக இருக்கும் என்று அதிலிருந்து பெறப்பட்ட முடிவு மட்டும் சோதிக்கப்படவில்லை. பெண்களிடம் அதைச் சோதிக்க வழி எளியது. 1980-களின் இறுதியிலிருந்து சிலர் அதைச் செய்யத் தொடங்கினார்கள்.

குழந்தை வெளியே வந்ததும் தொப்புள்கொடியின் ஒரு துண்டை இரு முனையிலும் கவ்வி போட்டு அடைத்துத் தனியே எடுத்துவிடுவார்கள். கொடிக்குள் பொதுவாக ஒரு தடித்த சிரையும் இரண்டு மெல்லிய தமனிகளும் இருக்கும். சிரையில் இருப்பது நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்கு வந்த ரத்தம். தமனியில் இருப்பது குழந்தையின் உடலைச் சுற்றிவிட்டுத் திரும்பிய ரத்தம். குழந்தையின் திசுக்களில் என்ன நடந்தது என்பதற்கு இதுவே சாட்சி. ஹெப்பரின் தடவிய சிறு சிரிஞ்சில் இரண்டையும் தனித்தனியே எடுத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் மூடி, ரத்தவாயு கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் பி.எச். எண் கிடைத்துவிடும். எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது. தமனி ரத்தத்தில் 7.20-க்குக் கீழே இறங்கினால் அமிலத்தேக்கம் என்று ஆய்வாளர்கள் கொள்வது வழக்கம்.

அளந்தபோது எதிர்பார்ப்பு தலைகீழானது. ஹாங்காங் ஆய்வாளர்கள் லீ, ஙான் கீ, ஜின் மூவரும் 2002-ல் அதுவரை வந்த 7 சோதனைகளை, மொத்தம் 292 தாய்மார்களின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தள்ளிவைக்கப்பட்டிருந்த ஃபினைலெஃப்ரினைப் பெற்ற தாய்மார்களின் குழந்தைகளுக்கே பி.எச். சற்று மேலாக இருந்தது. அதே ஆண்டு கூப்பரும் அவருடைய சகாக்களும் இங்கிலாந்திலிருந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. எஃபெட்ரின் பெற்ற 48 பேரில் 10 பேரின் குழந்தைகளுக்கு அமிலத்தேக்கம். ஃபினைலெஃப்ரின் பெற்ற 48 பேரில் ஒருவருக்குத்தான். தாய்மார்களின் அழுத்தம் இரு குழுவிலும் ஒரேபோலக் காக்கப்பட்டிருந்தது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அழுத்தத்தை அளக்கும் கருவியை மட்டும் பார்த்திருந்தால் இரண்டு மருந்துக்கும் வேறுபாடே தெரிந்திருக்காது.

ஏன் இப்படி என்ற கேள்விக்கு விடை 2009-ல் வந்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் வார்விக் ஙான் கீ தலைமையிலான குழு 104 தாய்மார்களிடம், கொடி ரத்தத்தின் அமிலத்தோடு அதிலிருந்த மருந்தின் அளவையும் கணக்கிட்டது. தாயின் தமனி ரத்தத்தில் இருந்த ஃபினைலெஃப்ரினில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே கொடியின் சிரையை எட்டியிருந்தது; விகிதம் 0.17. எஃபெட்ரினுக்கு அந்த விகிதம் 1.13. நஞ்சுக்கொடி அதற்குத் தடையாகவே இருக்கவில்லை. உள்ளே போன எஃபெட்ரின் தாயிடம் செய்த வேலையையே சிசுவிடமும் செய்தது: இதயத்தை முடுக்கியது, திசுக்களின் வளர்சிதை மாற்றத்தைக் கூட்டியது. எஃபெட்ரின் குழுவின் கொடி ரத்தத்தில் லாக்டேட், குளுக்கோஸ், அட்ரினலின், நார்அட்ரினலின் எல்லாமே கூடுதலாக இருந்தன. தமனி ரத்தத்தின் பி.எச். எஃபெட்ரினில் 7.25, ஃபினைலெஃப்ரினில் 7.33. ஆக, சிசுவுக்கு வரும் ரத்தம் குறையவில்லை. சிசு எரித்த எரிபொருள்தான் கூடியது. ஆட்டு ஆய்வு வரவைப் பார்த்தது, செலவைப் பார்க்கவில்லை.

இந்த எண்களைப் படித்து அச்சப்படத் தேவையில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் குழந்தைகள் இரண்டு குழுவிலும் ஒரேபோல வீறிட்டு அழுதன. பிறந்ததும் குழந்தையின் நிலையை மதிப்பிடும் அப்கார் மதிப்பெண்ணிலும் வேறுபாடு காணப்படவில்லை. எஃபெட்ரினால் கூடிய அமிலத்தை ஆரோக்கியமான சிசு பிறந்த சிறிது நேரத்தில் சரிசெய்துவிடும். அவசர சிசேரியன்களை வைத்து ஙான் கீ குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில் பி.எச்.-இல் வேறுபாடு தெரியவில்லை, லாக்டேட் மட்டும் எஃபெட்ரின் குழுவில் கூடுதலாக இருந்தது. கவலை, ஏற்கெனவே மூச்சுக்குத் திணறும் சிசுவைப் பற்றியது. ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் இருக்கும் அந்த உடலின் தேவையை மேலும் கூட்டும் மருந்தை, வேறு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தேர்ந்தெடுக்க நியாயமில்லை. எஃபெட்ரினைப் பின்னுக்குத் தள்ளிய வாதம் இதுதான். அது வலுவான வாதம்.

ஃபினைலெஃப்ரின் ஆல்ஃபா ஏற்பிகளை நேரடியாகத் தூண்டித் தமனிகளை இறுக்குகிறது. நரம்பு முனைகளின் சேமிப்பை நம்பியிராததால் அடுத்தடுத்துக் கொடுத்தாலும் பலன் மங்குவதில்லை. ஊசி போன ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் ஏறும். சில நிமிடங்களில் விளைவு அடங்கும். அதனால் ஓர் ஊசி, பிறகு ஓர் ஊசி என்று துரத்துவதைவிட, சிரிஞ்சு பம்ப் மூலம் தொடர்ந்து செலுத்துவதே அதற்குப் பொருந்திய முறை. மகப்பேறு மயக்கவியலாளர்கள் பலர் சேர்ந்து உருவாக்கி 2018-ல் ‘அனஸ்தீசியா’ இதழில் வெளியிட்ட சர்வதேச ஒருமித்த பரிந்துரை, ஸ்பைனல் ஊசி போட்ட உடனேயே நிமிடத்துக்கு 25 முதல் 50 மைக்ரோகிராம் அளவில் ஃபினைலெஃப்ரினைத் தொடங்கச் சொல்கிறது. தாயின் சிஸ்டாலிக் (மேல்) ரத்த அழுத்தம் அவருடைய வழக்கமான அளவில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், 80 விழுக்காட்டுக்குக் கீழே போக விடவே கூடாது என்பது அதன் இலக்கு. விழுந்த பின் தூக்குவது போய், விழாமல் தாங்குவது என்று சிகிச்சையின் நோக்கமே இதில் மாறியிருக்கிறது.

ஃபினைலெஃப்ரினுக்கும் குறை உண்டு. தமனிகள் இறுகி அழுத்தம் ஏறியதும், கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் அதைக் கண்டு இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்லும். துடிப்பு குறைந்தால் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தமும் குறையும். கருவி நல்ல எண்ணைக் காட்டும், ஓட்டமோ குறைந்திருக்கும். ஃபினைலெஃப்ரினின் வேகத்தைக் கூட்டக் கூட்டத் தாயின் துடிப்பும் இதய வெளியேற்றமும் குறைவதைப் பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. ஆரோக்கியமான சிசுவுக்கு இதனால் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை என்றாலும், அழுத்தம் வேறு ஓட்டம் வேறு என்ற பழைய பாடம் மீண்டும் தலைகாட்டுகிறது.

இன்னொரு ஆபத்து மருந்தில் இல்லை, அதைக் கரைப்பதில் இருக்கிறது. வழக்கமான ஃபினைலெஃப்ரின் ஆம்பூலில் 1 மில்லிலிட்டருக்குள் 10 மில்லிகிராம் இருக்கும். ஒரு தடவைக்குத் தேவை 50 முதல் 100 மைக்ரோகிராம், அதாவது அந்தச் சிறு கண்ணாடிக் குப்பியின் நூற்றில் ஒரு பங்கு அல்லது அதிலும் பாதி. ஆம்பூல் முழுவதையும் 100 மில்லிலிட்டர் சலைன் பாட்டிலில் கலந்து, அதிலிருந்து 10 மில்லிலிட்டரைச் சிரிஞ்சில் உறிஞ்சி, பெயரும் செறிவும் எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டி வைப்பார்கள். கலக்க மறந்தாலோ, ஒட்டுத்தாள் இல்லாத சிரிஞ்சு கைமாறினாலோ நூறு மடங்கு மருந்து ஒரே தள்ளலில் போய்விடும். அப்போது அழுத்தம் பயங்கரமாக எகிறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலையும் வரலாம். எகிறிய அழுத்தத்தைக் கண்டு பீட்டா தடுப்பான் கொடுப்பது இன்னும் மோசம். ஏற்கெனவே பெரும் எதிர்ப்பை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும் இதயத்தின் வலுவையும் அது பறித்துவிடும். மூக்கு, தொண்டை அறுவைகளில் ரத்தக்கசிவை நிறுத்த மேற்பூச்சாக ஃபினைலெஃப்ரின் பயன்படுத்தியபோது நேர்ந்த இத்தகைய விபரீதங்களுக்குப் பிறகே அந்தப் பயன்பாடு குறித்த நியூயார்க் மாநில வழிகாட்டுதல் 2000-ல் வெளிவந்தது. எஃபெட்ரினையும் கரைக்கத்தான் வேண்டும். 30 மில்லிகிராம் ஆம்பூலை 10 மில்லிலிட்டராக்கினால் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். அங்கே தவறினாலும் விளைவு இத்தனை கொடியதாக இருப்பதில்லை. எஃபெட்ரின் நெடுங்காலம் நீடித்ததற்கு இந்தப் பொறுத்துக்கொள்ளும் தன்மையும் ஒரு காரணம்.

கரைக்கத் தேவையில்லாத ஆயத்த மருந்துகள் அமெரிக்காவில் அண்மைக் காலத்தில்தான் வந்தன. அங்கே எஃபெட்ரின் ஊசி பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தும், உணவு மருந்து நிர்வாகத்தின் முறையான ஒப்புதலைப் பெற்ற முதல் எஃபெட்ரின் சல்பேட் ஊசி ‘அகோவாஸ்’ 2016-ல்தான் வந்தது. நவீன ஒப்புதல் விதிகள் வருமுன்பே சந்தையில் இருந்த பழைய மருந்து என்பதே காரணம். மயக்க மருந்தின்போது தாழும் ரத்த அழுத்தத்துக்கு மட்டும் என்று அதன் பயன் வரையறுக்கப்பட்டிருக்கிறது. முதல் அளவு 5 முதல் 10 மில்லிகிராம், மொத்தம் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கரைக்காமலே செலுத்தக்கூடிய ஃபினைலெஃப்ரின் 2019-லும் எஃபெட்ரின் 2020-லும் ஒப்புதல் பெற்றன.

ஃபினைலெஃப்ரினின் துடிப்புக் குறையைப் போக்க இப்போது சோதிக்கப்படுவது நார்அட்ரினலின். அது குழாயை இறுக்குவதோடு இதயத்தையும் லேசாக முடுக்கும். ஙான் கீ குழு 2015-ல் 104 தாய்மார்களிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, அழுத்தம் சமமாகக் காக்கப்பட்ட நிலையில் நார்அட்ரினலின் பெற்றவர்களின் இதய வெளியேற்றமும் துடிப்பும் மேலாக இருந்தன. 8 மைக்ரோகிராம் நார்அட்ரினலின் 100 மைக்ரோகிராம் ஃபினைலெஃப்ரினுக்கு நிகர் என்று அதே குழு பின்னர் கணக்கிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பெருஞ்சிரை வழியாக மட்டுமே செலுத்தப்பட்டுவந்த மருந்து இது. சிரைக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தோலும் தசையும் கருகிவிடும் என்ற பயம் மருத்துவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சிசேரியனுக்கு நன்கு நீர்க்கச் செய்து கைச்சிரையில் செலுத்துகிறார்கள்.

எஃபெட்ரின் வழக்கொழிந்துவிடவில்லை. அழுத்தமும் துடிப்பும் ஒருசேரத் தாழ்ந்திருக்கும்போது ஃபினைலெஃப்ரின் கொடுத்தால் துடிப்பு மேலும் விழும். அங்கே எஃபெட்ரினே பொருத்தம், 2018 பரிந்துரையும் அதை ஏற்கிறது. முழு மயக்கத்தில் ஃபினைலெஃப்ரின் மூளைத் திசுவின் ஆக்சிஜன் அளவைக் குறைப்பதையும் எஃபெட்ரின் அதைக் குறைக்காமல் விடுவதையும் 2011-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பம்ப் இல்லாத சிறிய அறுவை அரங்கில், ஒருவரே எல்லாவற்றையும் கவனிக்க வேண்டிய இடத்தில், ஓர் ஊசி போட்டால் சற்று நேரம் தாங்கும் மருந்துக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

இந்திய அறுவை அரங்குகளில் நிலவரம் சற்று வேறு. இங்கே வெகுகாலமாகக் கைவசம் இருப்பது மெஃபென்டெர்மின். எஃபெட்ரினைப் போலவே நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினை வெளியேற்றி வேலை செய்யும் இது, 1974-ன் ஆட்டு ஆய்வில் கருப்பை ஓட்டத்தை ஓரளவு குறைத்த மருந்து. மேலைநாடுகளில் ஏறத்தாழ மறைந்துவிட்ட இது மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் செறிவில் பல தடவை பயன்படுத்தக்கூடிய குப்பியாக இந்தியாவில் மலிவாகக் கிடைக்கிறது. தடவைக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். எஃபெட்ரினோ, மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளைத் தயாரிக்கும் மூலப்பொருள் என்பதால், போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக இருக்கிறது. அந்த மெத்தாம்ஃபெட்டமினை எஃபெட்ரினிலிருந்து 1893-ல் முதலில் உருவாக்கியவரும் அதே நாகாய்தான். மெஃபென்டெர்மினோ உடற்பயிற்சிக் கூடங்களில் களைப்புத் தெரியாமல் எடை தூக்கவும், விளையாட்டில் வேகம் கூட்டவும் திருட்டுத்தனமாக ஊசி போட்டுக்கொள்ளும் பொருளாகியிருக்கிறது; அதற்கு அடிமையானவர்களைப் பற்றி இந்திய மனநல மருத்துவ இதழ்கள் தொடர்ந்து எழுதி வருகின்றன.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன்; இந்திய அளவு 21.5. சிசேரியன்களுக்குப் பெரும்பாலும் ஸ்பைனல் மயக்கமே கொடுக்கப்படுவதால், எந்த மருந்து, எந்தச் செறிவில், பம்ப் மூலமா, கையாலா என்ற முடிவுகள் இங்கே ஆண்டுதோறும் லட்சக்கணக்கான தாய்மார்களைத் தொடுகின்றன. ஃபினைலெஃப்ரினும் நார்அட்ரினலினும் பெரிய மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்துவிட்டன; அவற்றை மெஃபென்டெர்மினோடு ஒப்பிடும் சோதனைகள் இந்திய மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. அந்தச் சோதனைகளில் தாயின் அழுத்தத்துக்கு அடுத்த பத்தியில் கொடித் தமனியின் பி.எச். எண்ணும் இப்போது வழக்கமாக இடம்பெறுகிறது.